ஆத்துப்படுகைக்கு கிளைமேட் சேஞ்ச் ட்ரெயினிங்: என்ன கத்துக்கணும், எதை விடலாம்? (தாமிரபரணி)

பொதிகைச்சாரல்:
வணக்கம் மக்களே. நான் நீர்வளத்துறைல ஏஇ (உதவிப் பொறியாளர்), நெல்லைப் பக்கம். அடுத்த மாசம் எங்க ஆபீஸ்ல இருந்து என்னையும் இன்னொருத்தரையும் ஒரு ட்ரெயினிங்குக்கு போட்டிருக்காங்க, ரெண்டு வாரம், வெளியூர்ல. ஆத்துப்படுகைல காலநிலை மாற்றத்தோட பாதிப்பை எப்படி மதிப்பிடுறதுன்னு தலைப்பு. ஷெட்யூலைப் பாத்தா தலை சுத்துது, முதல் நாள் கிளைமேட் சயின்ஸ், அப்புறம் டவுன்ஸ்கேலிங், பயஸ் கரெக்‌ஷன், ஸ்வாட், ஹெச்எம்எஸ் (ரெண்டும் மழைல இருந்து ஆத்து ஓட்டத்தைக் கணக்குப் போடுற சாப்ட்வேர்), கடைசி நாள் குரூப் ப்ரசன்டேஷன், சர்டிபிகேட், குரூப் போட்டோ. நான் படிச்சது சிவில், ஹைட்ராலஜி ஒரே ஒரு பேப்பர், அதுலயும் யூனிட் ஹைட்ரோகிராஃப் வரைக்கும் தான் ஞாபகம் இருக்கு.

திரும்பி வந்ததும் தாமிரபரணிக்கு ஒரு ரிப்போர்ட் கொடுக்கணும்னு இஇ (செயற்பொறியாளர்) சொல்லிட்டாரு. 2050ல தண்ணி கூடுமா குறையுமா, ஒரே வரில பதில் வேணுமாம். போறதுக்கு முன்னாடி என்ன படிக்கலாம், எந்த டேட்டாவை கையோட எடுத்துட்டுப் போகணும், யாராவது சொல்லுங்களேன்.

கிரிட்பாக்ஸ்:
வாழ்த்துகள் அண்ணே. நான் பிஹெச்டி இதுலதான் பண்றேன் (வேற படுகை). மேலோட்டமா சொல்லிடறேன்.

உலக அளவுல ஓடுற கிளைமேட் மாடல்களை ஜிசிஎம்னு சொல்லுவாங்க, இப்ப புழக்கத்துல இருக்கிறது சிஎம்ஐபி6 செட் (பல நாட்டு மாடல்கள் சேந்த தொகுப்பு). ஐபிசிசி (ஐநாவோட காலநிலைக் குழு) 2021ல விட்ட அறிக்கைல இதைத்தான் பயன்படுத்தினாங்க. புகை வெளியேத்தம் எப்படிப் போகும்னு சில கதைகள் வச்சிருக்காங்க, எஸ்எஸ்பி2-4.5, எஸ்எஸ்பி5-8.5 இந்த மாதிரி. ஒவ்வொரு கதைக்கும் ஒவ்வொரு மாடலும் மழை, வெப்பநிலைன்னு தினசரி நம்பர் தரும். பிரச்சனை என்னன்னா மாடல் உலகத்தைப் பிரிக்கிற கட்டம் ஒண்ணு கிட்டத்தட்ட 100 கிமீ. தாமிரபரணியோட மொத்த நீளமே 130 கிமீகூட இல்ல. பொதிகை உச்சியும் புன்னைக்காயல் கடற்கரையும் ஒரே கட்டத்துல, இல்லாட்டி பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல விழுந்துரும். மேற்குத் தொடர்ச்சி மலையே மாடலுக்கு ஒரு சின்ன மேடு மாதிரிதான் தெரியும். அதனாலதான் டவுன்ஸ்கேலிங், அதாவது பெரிய கட்டத்து நம்பரைச் சின்ன கட்டத்துக்கு இறக்குறது. புனே ஐஐடிஎம் (வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம்) இப்படி இறக்கின கார்டெக்ஸ் தெற்காசியா டேட்டா தராங்க, நாசா 25 கிமீ கட்டத்துல ஒரு செட் தராங்க, ரெண்டையும் இறக்கிக்கலாம்.

அடுத்தது பயஸ் கரெக்‌ஷன். அதாவது மாடல் வழக்கமா பண்ற தப்பைத் திருத்துறது. மாடல்ல தினமும் கொஞ்சம் கொஞ்சமா தூறிட்டே இருக்கும், நம்ம ஊர்ல அப்படி இல்லையே, பத்து நாள் காய்ஞ்சு ஒரே ராத்திரில கொட்டும். ஐஎம்டியோட (இந்திய வானிலைத் துறை) கட்ட மழை டேட்டா 1901ல இருந்து இருக்கு, 0.25 டிகிரி (சுமார் 25 கிமீ) கட்டத்துல. அதை வச்சு மாடல் மழையைச் சரிபண்ணி ஸ்வாட்ல போட்டா ஆத்துல எவ்வளவு ஓடும்னு வரும். இதுதான் மொத்த சங்கிலி. ட்ரெயினிங்ல இதைத்தான் செய்ய வைப்பாங்க.

மருதூர்க்கால்:
ஏஇ தம்பிக்கு வணக்கம். நான் இதே படுகையில வேலை பாத்து ரிட்டயர்ட் ஆனவன்.

கிரிட்பாக்ஸ் தம்பி சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த சங்கிலியோட கடைசிக் கண்ணி பத்தி யாரும் பேச மாட்டேங்காங்க பாத்துக்கிடுங்க. ஸ்வாட்டுல வர்ற நம்பரை எதோட ஒப்பிட்டுப் பாப்பீங்க? முறப்பநாட்டுல மத்திய நீர் ஆணையத்தோட அளவு நிலையம் இருக்கு, அந்த டேட்டாவோட. சரி, முறப்பநாட்டுல ஓடுதது என்ன தண்ணி? மேல பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா, ராமநதின்னு அணைங்க. அதுக்குக் கீழ கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லின்னு ஆறு அணைக்கட்டு. ஒவ்வொண்ணுலயும் கால்வாய் பிரியுது, கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய்னு. அந்தத் தண்ணி குளத்துக்குப் போய், வயலுக்குப் போய், மிச்சம் வடிகால் வழியா மறுபடி ஆத்துல விழுது. நடுவுல சீவலப்பேரில சித்தாறு வந்து சேருது. இம்புட்டும் நடந்த பிறகு முறப்பநாட்டுல ஸ்கேல் காட்டுதது மழை குடுத்த தண்ணி இல்ல தம்பி, நாங்க ஷட்டரைத் தூக்கி இறக்கின கணக்கு.

இதைப் பிரிக்கத் தெரியாதவனுக்கு எந்த மாடலையும் கையில குடுக்கக் கூடாது. மாடல் ஓடும், நம்பர் வரும், கிராஃபும் அழகா இருக்கும். அது தாமிரபரணியா இருக்காது.

ட்ரெயினிங் போறதுக்கு முன்னால பாபநாசம் அணை ரெஜிஸ்டரை எடு. தினசரி வரத்து, வெளியேத்தம், மட்டம், ஆவியாதல். கால்வாய்த் தலைமதகு ரீடிங்கும் எடு. லஸ்கர் (மதகு, கால்வாய் பாக்குத ஊழியர்) நோட்டு இருந்தா அதையும் சேத்து எடு. சாப்ட்வேரை ரெண்டு வாரத்துல யாரும் சொல்லிக் குடுத்துருவாங்க. இந்த ரெஜிஸ்டரை அங்க யாரும் உனக்குத் தரப்போறதில்ல.

கிரிட்பாக்ஸ்:
சார் அதுக்குத்தான் நேச்சுரலைஸ்டு ஃப்ளோ, அதாவது அணையும் கால்வாயும் இல்லாட்டி எவ்வளவு ஓடியிருக்கும்னு, கணக்கு போடறோம். ஸ்வாட்லயும் ரிசர்வாயர் வைக்க வசதி இருக்கு.

மருதூர்க்கால்:
வசதி இருக்கு. அதுல நீங்க குடுக்குத ஆபரேஷன் ரூல் எங்க இருந்து வந்துச்சு? கார் நெல் பருவத்துக்கு ஜூன்ல தண்ணி திறக்கதும் வடகிழக்கு மழையை நம்பின பிசான நெல்லுக்குத் திறக்கதும் சாப்ட்வேர்ல இருக்க டார்கெட் லெவல் வச்சு நடக்கதில்ல. கலெக்டர் ஆபீஸ்ல கூட்டம், விவசாயிங்க கோரிக்கை, குடிதண்ணிக்கு எவ்வளவு ஒதுக்கணும், மேல எவ்வளவு மழைன்னு எல்லாத்தையும் பாத்து அரசாணை வரும். அதை எப்படி மாடல்ல போடுவீங்கன்னு கேக்கேன், கோவப்படாதீங்க தம்பி.

செல்வி_ஜிஐஎஸ்:
அண்ணாச்சி சொல்றதுக்கு நான் சாட்சி 😄 போன வருஷம் ஒரு ப்ராஜெக்ட்டுக்காக இந்தப் படுகைக்கு வாட்டர்ஷெட் (எந்த நிலத்துத் தண்ணி எங்க வடியுதுங்கிற எல்லை) வரைஞ்சேன். எஸ்ஆர்டிஎம்ங்கிற நில உயர டேட்டா (30 மீட்டர் கட்டம்) போட்டு ஆட்டோமேடிக்கா டெலினியேட் பண்ணச் சொன்னா மலைல சூப்பரா வரும், அம்பாசமுத்திரம் தாண்டினதும் கூத்துதான். நிலம் தட்டை, வயல் வரப்பு, குளத்துக் கரை, ரயில்வே பண்டு எல்லாம் சேந்து ஆத்தை இஷ்டத்துக்குத் திருப்பி விட்டுருச்சு. கால்வாய் ஒண்ணுகூட அதுக்குத் தெரியாது. ஒரு சப்-பேசின்ல (துணைப்படுகை) எடுத்த தண்ணி அடுத்த சப்-பேசின் குளத்துல போய் நிக்குதுங்கிற விஷயமே மாடல்ல கிடையாது. ஸ்ரீவைகுண்டம் வடகால் தென்கால் ரெண்டையும் கையால வரைஞ்சு எரிச்சேன், அதாவது டிஇஎம்ல (அந்த உயர டேட்டா) பள்ளமா வெட்டி விட்டேன். அதுக்கே ஒரு வாரம் போச்சு.

ட்ரெயினிங்ல குடுக்கிற சாம்பிள் டேட்டா எப்பவும் ஏதோ ஒரு அழகான மலைப்படுகையா இருக்கும், ஒரு அணை கிடையாது ஒரு குளம் கிடையாது, எல்லாம் ஒரே க்ளிக்ல ஓடும். ஊருக்கு வந்து நம்ம ஆத்தைப் போட்டா அன்னைக்கே நின்னுரும். அதனால பொதிகை ப்ரோ, உங்க படுகையோட ஃபைலை கொண்டு போங்க, பயிற்சிக்கு நான் இதையே வச்சுக்கிறேன்னு அடம் பிடிங்க.

பொதிகைச்சாரல்:
நன்றி அக்கா, நன்றி அண்ணாச்சி. டேட்டா கொண்டு போகலாமான்னு கோஆர்டினேட்டருக்கு மெயில் போட்டிருக்கேன். முறப்பநாடு டிஸ்சார்ஜ் டேட்டா வெளில கிடைக்குமா இல்ல லெட்டர் போடணுமா?

கிரிட்பாக்ஸ்:
இந்தியா-டபிள்யூஆர்ஐஎஸ் (மத்திய அரசோட நீர்வளத் தகவல்) தளத்துலயே பாருங்க. தீபகற்ப நதிகளுக்குப் பெரிய சிக்கல் இல்ல. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்துன்னா தான் ரகசியம், லெட்டர், உறுதிமொழின்னு இழுக்கும்.

வெட்டிக்கிணறு:
ஒரே வரில பதில் நான் சொல்றேன்: கூடும், குறையும். ரிப்போர்ட் முடிஞ்சது.

தூரப்பார்வை (கன்சல்டன்ட், சென்னை):
வெட்டிக்கிணறு ஜோக்கா சொன்னாலும் அதுதான் நிஜம். நான் இந்த மாதிரி ரிப்போர்ட் எழுதிக் காசு வாங்குறவன், அதனால வெளிப்படையா சொல்றேன்.

நான் ரிவ்யூ பண்ற ரிப்போர்ட்ல பாதிக்கு மேல ஒரே டைப். ஒரே ஒரு ஜிசிஎம் எடுப்பாங்க, எதுக்கு அதுன்னு கேட்டா முன்னாடி ஒருத்தர் எடுத்தாரும்பாங்க. அதிகபட்ச புகைக் கதையைப் போடுவாங்க. மாசக் கணக்குல கேலிபரேட் பண்ணி (அளந்த ஓட்டத்துக்கு மாடலைப் பொருத்தி) நாஷ்-சட்கிளிஃப் (பொருத்தத்துக்கு மார்க், 1னா முழுப் பொருத்தம்) 0.8 வந்துருச்சுன்னு பெருமைப்படுவாங்க, பருவமழை உள்ள ஊர்ல மாசக் கணக்குல 0.8 வர்றது பெரிய வித்தையே இல்ல, எல்லாருக்கும் அக்டோபர்ல மழை வரும்னு தெரியும். கடைசில இந்த நூற்றாண்டு முடியுறப்ப நீர்வரத்து இத்தனை சதவீதம் கூடும்னு தசம ஸ்தானத்தோட ஒரு நம்பர். இன்னொரு மாடலைப் போட்டா அதே நம்பர் மைனஸ்ல வரும். இங்க மழை விஷயத்துல மாடலுங்க அவ்வளவு வித்தியாசப்படும். வெப்பநிலை கூடும்ங்கிறதுல சண்டை இல்ல, எவ்வளவுங்கிறதுல தான். ஒரு டிகிரி கூடினா காத்து சுமார் 7 சதவீதம் அதிக ஈரம் பிடிக்கும், அதனால கொட்டுற மழை இன்னும் வெறியா கொட்டும்ங்கிறதுலயும் நம்பிக்கையா பேசலாம். வருஷ மொத்த மழை எந்தப் பக்கம் போகும்ங்கிறதுல அவ்வளவு நம்பிக்கை கிடையாது. இந்த மூணையும் தனித்தனியா எழுதத் தெரிஞ்சாலே பாதி கிணறு தாண்டின மாதிரி.

இன்னொண்ணு, கேலிபரேஷன் எப்படிச் சோதிக்கணும்னு கேளுங்க. க்ளெமெஷ்னு ஒரு ஹைட்ராலஜிஸ்ட் 1986லயே சொல்லிட்டாரு, ஈரமான வருஷங்கள்ல மாடலைப் பழக்கி வறண்ட வருஷங்கள்ல ஓட்டிப் பாரு, அதைத் தலைகீழாவும் பண்ணிப் பாருன்னு. மாறப்போற காலத்துக்கு மாடல் வேணும்னா மாறின காலத்துல அது தாக்குப்பிடிக்குதான்னு பாக்கணும் இல்லையா. மழை கொட்டின 2015, 2021 ஒரு பக்கம், வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016 இன்னொரு பக்கம் வச்சுப் பாருங்க. நிறைய மாடல் அங்கயே படுத்துரும்.

ஆவியாதல் ஃபார்முலாவையும் கவனிங்க. வெப்பநிலையை மட்டும் வச்சுப் போடுற ஃபார்முலாவும், வெயில், காத்து, ஈரப்பதமும் சேத்துப் போடுற பென்மன்-மான்டித்தும் ஒரே எதிர்காலத்துக்கு வேற வேற வறட்சி காட்டும். எதைப் போட்டீங்கன்னு ரிப்போர்ட்ல எழுதுங்க, யாருமே எழுத மாட்டேங்கிறாங்க.

வாழைத்தோட்டம்:
நான் இன்ஜினியர் இல்லங்க, ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை போட்டிருக்கேன். பொது வாசகனா ஒரு கேள்வி. 2023 டிசம்பர் 17, 18ல எங்க தோட்டம், வீட்டுக் கீழ்த்தளம் எல்லாம் தண்ணி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்துல 60க்கு மேல. எங்க மாவட்டத்துக்கு வருஷம் பூரா பெய்யுற மழையை விட அதிகம். திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குப் போன ட்ரெயின் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னு, நூத்துக்கணக்கான ஜனம் அங்கயே கிடந்தாங்க. நீங்க சொல்ற இந்த மாடல்ல ஏதாவது ஒண்ணு அந்த மாதிரி மழையைக் காட்டுமா? காட்டாதுன்னா எதுக்கு இவ்வளவு படிப்பு?

தூரப்பார்வை (கன்சல்டன்ட், சென்னை):
நேர்மையா சொன்னா காட்டாதுங்க. 25 கிமீ கட்டத்துல தினசரி சராசரி எடுக்கிற டேட்டாவுல 95 செமீ வராது. பயஸ் கரெக்‌ஷனும் பழைய மழைல பாத்த அளவை வச்சுத்தான் சரிபண்ணும், அதுக்கு மேல போறப்ப ஊகம்தான்.

மருதூர்க்கால்:
வாழைத்தோட்டம் அண்ணாச்சி கேட்டது தான் இந்த இழைலயே சரியான கேள்வி.

அந்த வெள்ளத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. எங்க காலத்துல வெள்ளம்னா மலைல மழை, அணை நிரம்பும், தகவல் வரும், கீழ தண்டோரா போடுவோம், ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள ஜனங்களை மேட்டுக்கு ஏத்திரலாம். 1992 நவம்பர் வெள்ளம் அப்படி மேல இருந்து வந்தது. 2023ல மாஞ்சோலைலயும் பேய்மழை, அணையும் திறந்தாச்சு, ஆனா அதே நேரம் அணைக்குக் கீழ, கடலோரம் வரைக்கும் கொட்டிருச்சு. அந்த மழையைப் பிடிச்சு வைக்க ஒரு அணையும் கிடையாது. குளங்க வரிசையா நிரம்பி ஒண்ணு உடைஞ்சு அடுத்ததை உடைச்சது. படுகையோட கீழ்ப்பகுதியை நாங்க தண்ணி வாங்குத இடமா தான் பாத்தோம், வெள்ளம் உண்டாகுத இடமா பாத்ததில்ல.

அந்த ராத்திரி ஆத்துல எத்தனை கனஅடி போச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு நம்பர் சொல்லுவாங்க. ஏன்னா ரேட்டிங் கர்வ் அவ்வளவு உயரத்துக்குக் கிடையாது. ஸ்கேல்ல இத்தனை மீட்டர்னா இத்தனை கனஅடின்னு ஒரு கோடு இருக்குல்லா, அந்தக் கோட்டைக் கரண்ட் மீட்டர் (நீரோட்ட வேகம் அளக்குத கருவி) வச்சு அளந்த புள்ளிகளை வச்சுத்தான் வரையுதோம். பெரிய வெள்ளத்துல மீட்டர் இறக்க எவன் போவான்? மேல்பாதியை கோட்டை நீட்டி விட்டுருக்கோம். அதுல மணல் அள்ளி அள்ளி ஆத்துத் தரை வேற இறங்கிப் போச்சு, பழைய கோடே பொருந்தாது. இப்படிப்பட்ட நம்பரை உண்மைன்னு வச்சு மாடலை அதுக்குப் பொருத்தி, அதை 2080 வரைக்கும் ஓட்டுதாங்க.

பயிற்சின்னா முத நாள் எல்லாரையும் ஆத்துல இறக்கி டிஸ்சார்ஜ் அளக்க விடணும். அதுக்கு அப்புறம் கம்ப்யூட்டர்.

கிரிட்பாக்ஸ்:
சார் அளவீடு முக்கியம்னு ஒத்துக்கிறேன். ஆனா டேட்டா சரியில்லன்னு சொல்லி மாடலே வேண்டாம்னா அப்புறம் பழைய சராசரியை வச்சே டிசைன் பண்ணிட்டு இருப்போம், அது இதைவிட ஆபத்து. தாமிரபரணி-கருமேனியாறு-நம்பியாறு இணைப்புக் கால்வாயவே எடுங்க. கடலுக்குப் போற உபரி 13.758 டிஎம்சி, அதுல 2.765 டிஎம்சியை கன்னடியன்ல இருந்து திருப்பி சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிக்குக் கொண்டு போறதுன்னு திட்டம். அந்த உபரி எந்தக் காலத்துக் கணக்கு? பழைய வருஷங்களோட கணக்கு. இனிமே உபரி வருஷா வருஷம் ஒழுங்கா வராம, நாலு வருஷம் ஒண்ணுமில்லாம அஞ்சாவது வருஷம் ரெண்டே நாள்ல மொத்தமா வந்தா? சராசரி அதே 13 தான் இருக்கும். கால்வாய் அந்த ரெண்டு நாள்ல எவ்வளவு வாங்கும்? இந்தக் கேள்வியைக் கேக்கவே ஒரு மாடல் வேணும் சார்.

மருதூர்க்கால்:
இது நல்ல பேச்சு. மாடல் வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்?

செல்வி_ஜிஐஎஸ்:
ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை ரெண்டு பக்கம் நின்னு கத்துறீங்க. 🙏

வன்னிக்குளம்:
நான் இலங்கையில நீர்ப்பாசனப் பக்கம் வேலை செய்யிறன், வடக்கு. இதை வாசிக்க எங்கட கதை மாதிரியே கிடக்கு. இஞ்ச யுத்த காலத்தில மழைமானி, ஆத்து அளவீடு எல்லாம் பல இடத்தில நிண்டு போச்சு, தொடர்ச்சியான பதிவு கிடைக்கிறது பெரிய பாடு. பயிற்சிக்கு வாறவை முப்பது வருசத் தினசரித் தரவு வேணும் எண்டு சொல்லுவினம், எங்களிட்டை இருக்கிறதோ நடுவில பெரிய ஓட்டை. செய்மதி மழைத் தரவால நிரப்பலாம் எண்டு சொல்லித் தருவினம், நிரப்பினாப் பிறகு அது உண்மைத் தரவு மாதிரியே மேசையில இருக்கும், எது அளந்தது எது நிரப்பினது எண்டு பிறகு வாறவனுக்குத் தெரியாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில இரணைமடுக் குளத்துக் கதவு எப்ப திறந்திருக்க வேணும் எண்டு பெரிய விவாதம் வந்தது ஞாபகம் இருக்கும். குளத்துக்கு எவ்வளவு வரும் எண்டு முன்கூட்டியே சொல்ல ஆள் வேணும், அதுக்கு மேல கனகராயன் ஆத்தில மானி வேணும்.

மற்றது, பயிற்சி எடுத்த ஆள் எங்க போறார் எண்டதையும் பாருங்கோ. இஞ்ச நல்லாப் படிச்சு வந்த பெடியன் ஒருத்தனை அடுத்த மாதமே வேற பக்கம் மாத்திப் போட்டினம். இப்ப அவன் கட்டட வேலை பாக்கிறான்.

பொதிகைச்சாரல்:
அண்ணா அந்தக் கடைசி வரி என்னைப் பத்தித்தான்னு நினைக்கிறேன் 😂 எனக்கும் ட்ரான்ஸ்ஃபர் லிஸ்ட் ஜூன்ல.

காவிரிமைந்தன்_தஞ்சை:
தாமிரபரணி முழுக்க ஒரே மாநிலம், நீங்க குடுத்து வச்சவங்க. காவிரிய நினைச்சுப் பாருங்க. நடுவர் மன்றம் 2007ல பங்கு பிரிச்சது 740 டிஎம்சிங்கிற கணக்கை வச்சு, அதுவும் 50 சதவீத நம்பகத்துல, அதாவது ரெண்டு வருஷத்துல ஒரு வருஷம் அவ்வளவு வரும்னு. எல்லாம் 1970களுக்கு முந்தின வரத்துக் கணக்கு. 2018ல சுப்ரீம் கோர்ட்டு மாநில எல்லைல இருக்கிற பிலிகுண்டுலுல நமக்கு 177.25னு மாத்துச்சு, ஆனா 740ல கை வைக்கல. மழை மாறிப்போச்சுன்னு எந்த ஸ்பெஷலிஸ்ட்டாவது 740ங்கிற நம்பரைத் தொட முடியுமா? தொட்டா அன்னைக்கே பஸ் ஓடாது. 2018 ஆகஸ்ட்ல மேட்டூர் வழிஞ்சு முக்கொம்பு ஷட்டரே அடிச்சிட்டுப் போச்சு, 2023ல தண்ணிக்குக் கையேந்தினோம், 2024 ஜூலைல திரும்ப நிறைஞ்சுது. கர்நாடகாக்காரன் என்ன சொல்றான்னா

மாடரேட்டர்:
காவிரிப் பங்கீட்டுக்குத் தனி இழை இருக்கு, சண்டையை அங்க வச்சுக்கங்க. 740 பத்தின பாயின்ட் இங்கயே இருக்கட்டும். இதுக்கு வந்த ரெண்டு பதிலைத் தூக்கிட்டேன்.

வாழைத்தோட்டம்:
சரி, நான் கேட்டதுக்கு வரேன். எனக்கு 2050 வேண்டாம். ஜூன்ல கார் நெல்லுக்குத் தண்ணி வருமா, பத்து பன்னிரண்டு மாசம் நிக்கிற வாழையை எப்ப நட்டா வெள்ளத்துலயும் மாட்டாம வறட்சிலயும் மாட்டாம வெட்டலாம், அதுதான். இதை யாராவது படிக்கிறாங்களா?

தூரப்பார்வை (கன்சல்டன்ட், சென்னை):
ஏஇ தம்பி, உங்க ரிப்போர்ட்டோட தலைப்பையே இவர்கிட்ட இருந்து எடுத்துக்கங்க. 2050ல தண்ணி கூடுமா குறையுமான்னு கேட்டா பதில் வராது. கார் பருவத்துக்குத் திறக்க முடியாத வருஷங்கள் எப்ப அடிக்கடி வரும்னு கேட்டா வரும்.

வழி இருக்கு, ஜிசிஎம்ல இருந்து ஆரம்பிக்காம கீழ இருந்து ஆரம்பிங்க. பாபநாசம் அணைக்கு மாசாமாசம் வரவு செலவுக் கணக்கு ஒரு எக்செல் ஷீட்ல போடுங்க, வரத்து, குடிதண்ணி, பாசனம், ஆவியாதல். முதல்ல பழைய முப்பது வருஷத்தை அது சரியா திருப்பிச் சொல்லுதான்னு பாருங்க. அப்புறம் தென்மேற்குப் பருவ வரத்தை 10 சதவீதம் குறைங்க, 20 குறைங்க, வெப்பநிலையை ஒண்ணு ரெண்டு டிகிரி ஏத்துங்க, வடகிழக்கைக் கூட்டிப் பாருங்க. எந்த இடத்துல கார் சாகுபடி கைவிட்டுப் போகுதுன்னு தெரியும். அதுக்கு அப்புறம் சிஎம்ஐபி6 மாடலையெல்லாம் வரிசையா எடுத்து எத்தனை மாடல் அந்த எல்லையைத் தாண்டுதுன்னு மட்டும் எண்ணுங்க. எந்த மாடல் சரின்னு சண்டை போடவே தேவையில்ல. இஇ கையெழுத்துப் போடவும் பயப்பட மாட்டாரு, ஏன்னா நீங்க ஜோசியம் சொல்லல, எவ்வளவு குறைஞ்சா எது உடையும்னு சொல்றீங்க.

முக்கியமா கார் வேற, பிசானம் வேற. தென்மேற்கு ஒரு பக்கம் போகலாம், வடகிழக்கு இன்னொரு பக்கம் போகலாம். ரெண்டையும் கூட்டி வருஷ சராசரி எடுத்தா ஒண்ணுமே மாறலன்னு வரும், வயல்ல எல்லாமே மாறியிருக்கும்.

மருதூர்க்கால்:
இது எனக்குப் புரியுது. இதுக்கு நான் கூட உக்காந்து சொல்லுவேன். ஆனா வெள்ளத்துக்கு இந்த மாசக் கணக்கு ஷீட்டு ஆகாது, அதுக்குத் தனியா மணிக்கணக்கு மழை வேணும், குளம் உடையுத வரிசை வேணும். ரெண்டையும் ஒரே ரிப்போர்ட்ல குழப்பாதே.

மழைமானி விஷயத்துல ஒண்ணு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, இந்த நாலு இடத்து மழைக்கும் கீழ அம்பாசமுத்திரத்து மழைக்கும் சம்பந்தமே இருக்காது. கட்ட டேட்டா அதையெல்லாம் கலந்து ஒண்ணாக்கிரும். மேல உள்ள ரீடிங்கை தனியா வாங்கிக்கோ.

பொதிகைச்சாரல்:
எல்லாருக்கும் நன்றி. கோஆர்டினேட்டர் பதில் போட்டுட்டாரு, சொந்த டேட்டா கொண்டு வரலாம், ஆனா லேப்டாப்பும் நானே கொண்டு வரணுமாம். பாபநாசம் ரெஜிஸ்டர் 1990ல இருந்து கிடைக்கும்னு சொல்றாங்க, அதுக்கு முன்னாடி உள்ளது ரெக்கார்ட் ரூம்ல கட்டி வச்சிருக்காம். அண்ணாச்சி, வரத்து காலம்ல சில நாள் மைனஸ்ல இருக்கே, அது என்ன?

மருதூர்க்கால்:
அது வரத்து அளந்தது இல்ல தம்பி. மட்டம் எவ்வளவு ஏறிச்சு, எவ்வளவு திறந்தோம்னு பாத்து பின்னால இருந்து கணக்குப் போட்டது. காத்தடிச்சு ஸ்கேல்ல அலை ஏறி ஒரு நாள் கூடுதலா படிச்சிருப்பான், மறுநாள் மைனஸ் விழும். அஞ்சு நாள் சேத்து சராசரி எடு, சரியாயிரும். மைனஸை மட்டும் ஜீரோ ஆக்கிராதே, வருஷக் கணக்குல இல்லாத தண்ணி சேந்துரும்.

செல்வி_ஜிஐஎஸ்:
என்கிட்ட இருக்கிற கால்வாய் ஷேப்ஃபைல் (மேப் ஃபைல்) தரேன், தனி மெசேஜ்ல மெயில் ஐடி போடுங்க. பாளையங்கால்வாய்ல கடைசி ரெண்டு குளம் இன்னும் வரையல, அதை நீங்க பாத்து முடிச்சு எனக்குத் திருப்பி அனுப்பணும்.